வெள்ளைச் சட்டையில் கறள் எங்கேயிருந்து வருகிறது?

வீட்டு மெஷின்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கோண்டாவிலில் மெஷின் திருத்தும் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: என் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மெஷினில் போட்டு எடுத்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மண் நிறத்தில் புள்ளிகள் வருகின்றன. மேலே மூடி திறக்கிற மெஷின், வாங்கி நாலு வருடம். பார்க்க வந்தவர், டிரம் கறள் பிடித்துவிட்டது, புது மெஷின் எடுப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். பிளீச் ஊற்றி ஊறவைத்தேன், புள்ளிகள் இன்னும் கடுமையாகிவிட்டன. இப்ப இருக்கிற விலைவாசியில் புது மெஷினுக்கு எங்கே போவது? என்ன செய்யலாம் அண்ணை?
— ஒரு தாய், வேலணை

பதில்: தங்கச்சி, புது மெஷின் எடுக்கிற யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முதல், பிளீச்சை நிற்பாட்டுங்கள். கறள் என்பது அழுக்கு அல்ல, இரும்பு. பிளீச் சாயத்தையும் கறையையும் சிதைத்து நிறம் போக்கும். இரும்பைச் சிதைக்க அதனால் முடியாது. துணியில் ஒட்டியிருக்கிற இரும்பை இன்னும் நன்றாகக் கறளாக்கி, நூலுக்குள்ளேயே இருத்திவிடும். உங்கள் சட்டையில் நடந்தது அதுதான். வெள்ளை உடுப்பு என்றவுடன் பிளீச் போத்தலைத் தூக்குகிற பழக்கம் எங்கள் வீடுகளில் நிறைய இருக்கிறது. நல்ல உடுப்புகள் அப்படியே வீணாகிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை, அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

சரி, கறள் எங்கேயிருந்து வருகிறது? இதைக் கண்டுபிடிக்காமல் சட்டையை மட்டும் வெளுத்தால் அடுத்த கிழமை திரும்பவும் வரும்.

புள்ளியின் வடிவத்தைப் பாருங்கள். உடுப்பு முழுக்க ஒரே சீராக மஞ்சள் பூத்திருந்தால் அது தண்ணீரில் கரைந்துள்ள இரும்பு. சிறு சிறு புள்ளிகள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் என்றால் மெஷினுக்குள் ஏதோ இரும்பு கிடக்கிறது, அல்லது குழாயிலிருந்து கறள் துகள் வருகிறது. தோள்பட்டையிலோ இடுப்பிலோ குறுக்காக ஒரு கோடு, அல்லது சமமான இடைவெளியில் புள்ளிகள் என்றால் மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது உடுப்புக் காயப்போடுகிற கம்பி.

இந்தக் கம்பி விஷயத்தைப் பலர் நம்புவதில்லை. குருநகர்ப் பக்கம் ஒரு வீட்டில் மெஷினைக் கழற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உடுப்புகளை விரித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு சேட்டிலும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில் இரண்டிரண்டு புள்ளிகள். வளவுக்குள் போய்ப் பார்த்தால், மதில் இல்லாத பக்கத்து முள்ளுக்கம்பி வேலியில் உடுப்புகள் காய்கின்றன. முள் முறுக்கியிருக்கிற இடமெல்லாம் நாகப்பூச்சு உரிந்து, விரல் வைத்தால் செம்பொடி ஒட்டுகிறது. கடற்காற்றும் உப்பும் இருக்கிற இடத்தில் ஈர உடுப்பைக் கம்பியில் போட்டால் கறள் துணிக்குள் இறங்க ஒரு பகல் போதும். மெஷினை நான் தொடவே இல்லை. நைலோன் கயிறு ஒன்று கட்டச் சொல்லிவிட்டு வந்தேன். கிளிப்பையும் பாருங்கள், பிளாஸ்ரிக் கிளிப்பின் நடுவில் இருக்கிற சுருள் கம்பி இரும்புதான்.

உங்கள் வீட்டில் கோடு இல்லை, புள்ளிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பழைய வெள்ளைத் துவாய் இரண்டு எடுங்கள். ஒன்றை மெஷினுக்குள் தனியாகப் போட்டு, தூள் ஒன்றும் போடாமல் முழுச் சுற்றும் ஓட விடுங்கள். மற்றதை அதே குழாய்த் தண்ணீரில் பிளாஸ்ரிக் வாளிக்குள் அவ்வளவு நேரம் ஊறவைத்து அலசுங்கள். இரண்டையும் வீட்டுக்குள், கயிற்றில் காய விடுங்கள். மெஷின் துவாயில் மட்டும் புள்ளி இருந்தால் மெஷின். இரண்டிலும் இருந்தால் தண்ணீர் அல்லது குழாய். இரண்டிலும் இல்லையென்றால் வெளியே காயப்போடுகிற இடம்தான் காரணம். இந்தச் சோதனை முடிவு கையில் இருந்தால், வருகிற திருத்துநரும் உங்களுக்கு மனம்போனபடி கதை சொல்ல முடியாது.

மெஷின்தான் என்று தோன்றினாலும், முதலில் பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாய் பூட்டுகிற வாயைப் பாருங்கள். தண்ணீர் வருவதை நிற்பாட்டிவிட்டு, ஹோஸைக் கழற்றினால் உள்ளே பெருவிரல் நகம் அளவில் ஒரு வலை இருக்கும். அதைச் சின்னக் குறட்டால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வெள்ளைக் கடதாசியில் தட்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்து விழுவது எங்கள் தண்ணீரின் சுண்ணாம்பு, அது கறை பிடிக்காது. செம்பழுப்பாக, மூக்குத்தூள் மாதிரி விழுந்தால் அது குழாய்க் கறள். மெஷின் குற்றமில்லை, கிணற்று மோட்டரிலிருந்து தாங்கிக்குப் போகிற பழைய இரும்புக் குழாய்தான் உதிர்கிறது. தாங்கி பிளாஸ்ரிக்காக இருக்கலாம், ஆனால் மோட்டர் வாயில் பூட்டிய அந்த ஒரு முழத் துண்டு இரும்பாகவே பல வீடுகளில் இருக்கிறது. அந்தத் துண்டைப் பிவிசியாக மாற்ற மெஷின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பக் காசுதான்.

வலை சுத்தமென்றால் உள்ளே இறங்குவோம். பிளக்கைக் கழற்றிவிட்டு, டிரம்மின் அடியில் சுழலுகிற தட்டைப் பாருங்கள். அதன் நடுமூடியைக் கிளப்பினால் பெரும்பாலும் ஒரு ஸ்குரூ ஆணிதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றித் தட்டைத் தூக்குங்கள். அங்கே கிடப்பவை கொண்டையூசி, சேஃப்ரி பின், சட்டைக் கொக்கி, உள்ளாடைக்குள் இருந்து கழன்று வந்த வளைகம்பி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பின்னல் ஊசி இல்லாத மெஷினை நான் பார்த்தது குறைவு. ஒரு ஊசி அங்கே கிடந்து ஊறினால் அது கரைந்து தீரும்வரை புள்ளி வரும். ஆணியும் கறள் பிடித்திருந்தால் அதே அளவில் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஆணி வாங்கிப் பூட்டுங்கள்.

அப்புறம் மூடியின் கீழ்விளிம்பு. ரோச் லைற் அடித்து, தலையைக் குனிந்து, கீழிருந்து மேலே பாருங்கள். மெஷினின் மேற்தகடு பெயின்ற் அடித்த இரும்பு. சவர்க்காரத் தண்ணீர் தெறித்துத் தெறித்து அந்த விளிம்பில் பெயின்ற் பொருமி, கறள் சொட்டாகி உடுப்பில் விழும். மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. இப்படி இருந்தால் சான்ட் பேப்பரால் வடிவாகத் தேய்த்து, கறள் தடுக்கும் பிறைமர் பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ற் அடித்து, முழுதாகக் காய விட்டுவிட்டுப் பாவியுங்கள்.

டிரம் கறள் பிடித்துவிட்டது என்று அவர் சொன்னதற்கு வருகிறேன். இப்போதைய மெஷின்களில் டிரம் பெரும்பாலும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். அதன் மேல் செம்பழுப்பாகத் தெரிவது பல நேரம் வேறு இரும்பிலிருந்து வந்து படிந்த கறள்தான். தேசிக்காய்ப் பாதியால் அந்த இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். கறள் கழன்று கீழே பளபளப்பான தகடு தெரிந்தால் டிரம் நல்லாயிருக்கிறது. விரலுக்குச் சொரசொரப்பாகக் குழி தட்டுப்பட்டால்தான் அரிப்பு உள்ளே போயிருக்கிறது என்று எடுக்கலாம். வேலணையில் அதற்கும் காரணம் உண்டு. தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவரும். அந்த உப்பிலுள்ள குளோரைட்டு, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலைக் காக்கிற மெல்லிய படலத்தையே உடைத்துவிடும். ஆகவே கிணற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். உடுப்புத் தோய்த்த மெஷினுக்குள் தண்ணீர் தேங்க விடாமல், கடைசியில் ஒருக்கால் துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள்.

இனிச் சட்டை. பிளீச் போட்ட உடுப்பாகையால் முதலில் நல்ல தண்ணீரில் பல முறை அலசி, பிளீச் மணம் முழுக்கப் போக வேண்டும். பிளீச்சும் புளிப்பும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும், ஆபத்து. இதில் விளையாட வேண்டாம்.

அதன்பிறகு தேசிக்காய்ப் புளியைப் புள்ளியில் விட்டு, உப்புத் தூளைத் தூவி, வெயிலில் வையுங்கள். காய விடாதீர்கள், காயக் காயப் புளியை விட்டு ஈரமாகவே வைத்திருங்கள். புள்ளி மங்கியதும் அலசுங்கள். பழைய கறள் என்றால் ஒரே நாளில் போகாது, திரும்பவும் செய்யுங்கள். பிலிம்பிக்காய் மரம் நிற்கிற வீடென்றால் இன்னும் நல்லது. அதிலே ஒக்சாலிக் அமிலம் நிறைய இருக்கிறது, கறளைக் கெதியாகப் பிடித்து இழுக்கும். காயைப் பிளந்து புள்ளியில் தேய்க்க வேண்டியதுதான். கடையில் வாங்குவதென்றால் கேக் செய்யப் பாவிக்கிற சிற்றிக் அசிட் போதும். ஒரு லீற்றர் கை பொறுக்கிற சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, சட்டையை அரை மணித்தியாலம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டு வழமைபோலத் தோய்க்கலாம். கறள் முழுக்கப் போகும்வரை அயன் பண்ண வேண்டாம், சூடு பட்டால் பிடித்துவிடும்.

மெஷினுக்கும் அதே சிற்றிக் அசிட்தான். 200 கிராம் போட்டு, உடுப்பில்லாமல், கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர் நிரப்பிச் சிறிது நேரம் சுழல விட்டு, ஒரு மணித்தியாலம் நிற்பாட்டி வைத்து, வெளியேற்றி, இரண்டு முறை அலசுங்கள். இராத்திரி முழுக்க விட்டுவிடக் கூடாது. டிரம்மை அடியில் தாங்குகிற அலுமினியப் பகுதியை அமிலம் தின்னும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுக்கரை வேட்டியில் பழுப்பு நிறக் கறை. வீட்டுக்காரி கறள் என்கிறா, அம்மா வாழைக்கயர் என்கிறா. தேசிக்காய் போட்டுப் பார்த்தும் அசையவில்லை.
— ஒரு வாசகர், அரியாலை

பதில்: அம்மா சொல்வதே சரியாக இருக்கும். வாழைக்கயர் பட்டவுடன் நிறமே தெரியாது, காய்ந்து ஒரு நாள் போனபின்தான் பழுப்பேறும். அதனால்தான் மெஷினில் பழி விழுகிறது. கறள் புளிப்புக்கு இளகும், கயர் இளகாது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். கயருக்கு வெள்ளைப் பருத்தித் துணியில் பிளீச் ஓரளவு வேலை செய்யும், ஆனால் தேசிக்காய் போட்ட வேட்டியை முதலில் நன்றாக அலச வேண்டும், காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். பட்டுக் கரையில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டைப் பிளீச் அரித்துவிடும். கறை கரைக்குக் கிட்ட இருந்தால் நீங்கள் தொடாமல் நல்ல லோண்ட்றிக்குக் கொடுங்கள், கயர் என்று வாயால் சொல்லியே கொடுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் காணி வாங்கிக் குழாய்க்கிணறு அடித்தோம். யாழ்ப்பாணத்தில் பாவித்த அதே மெஷினைத்தான் கொண்டு வந்தோம். இங்கே எல்லா வெள்ளை உடுப்பும் மஞ்சளாகிறது. இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பிளேன்ரீ போட்டால் கறுத்துப் போகிறது. மெஷின் பழுதா?
— ஒரு வாசகி

பதில்: பிளேன்ரீயைக் கவனித்தீர்களே, அதுவே பாதிப் பதில். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும். உங்கள் தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. நிலத்துக்கடியில் காற்றுப் படாததால் அது நிறமில்லாமல் கரைந்தே இருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் கறளாகித் திரளும். வெள்ளை வாளியில் தண்ணீரை நிறைத்து, மூடாமல், விடியும்வரை வையுங்கள், அடியில் பழுப்பு மண்டி தெரியும்.

லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே உடுப்பில் கறை விழும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது மிகச் சிறிய அளவு. அதனால் தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பி இருக்க முடியாது. ஒருக்கால் தண்ணீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது, குடிக்கிற தண்ணீரும் அதுதானே.

இதற்கு வழி, மெஷினுக்குள் போகுமுன்னே வெளியில் கறளாக்கி இறக்கிவிடுவது. தாங்கிக்குத் தண்ணீர் விழுகிற குழாயின் முனையில் துளைபோட்ட மூடி பூட்டி, மழைபோலச் சொரிய விடுங்கள். காற்று நன்றாகக் கலக்கும். ஒரு நாள் அசையாமல் நின்றால் கறள் அடியில் படியும். மெஷினுக்குப் போகிற குழாயைத் தாங்கியின் அடியிலிருந்து அல்ல, ஒரு சாண் மேலேயிருந்து எடுங்கள். அடியில் தனியாக ஒரு வால்வு வைத்து, கிழமைக்கொரு தடவை மண்டியைத் திறந்து விடுங்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள தண்ணீரில் இரும்பு கெதியாகத் திரளும், அந்தப் பாதியை இயற்கையே செய்துதரும். இதுவும் போதாவிட்டால், இடையில் மணல் வடி ஒன்று வைக்கலாம்.

தூளைப் பற்றியும் ஒரு சொல். கறை போக்கும் வெளுப்புத்தூள் கலந்த சலவைத்தூளும் சோடாவும் கரைந்திருக்கிற இரும்பை அந்த இடத்திலேயே துணிமேல் திரள வைக்கும். வெளுப்பு இல்லாத திரவச் சவர்க்காரம் உங்கள் தண்ணீருக்குப் பொருந்தும். மஞ்சளான உடுப்பை மேலே சொன்ன சிற்றிக் அசிட் முறையிலேயே எடுங்கள்.

கேள்வி: மலசலகூடம் கழுவுகிற அசிட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து உடுப்பை முக்கினால் கறள் ஒரு நிமிடத்தில் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. செய்யலாமா?
— உரும்பிராய்

பதில்: செய்யவே வேண்டாம் பிள்ளை. கறள் போகும், உண்மை. கூடவே துணியும் போகும். அது கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலம். பருத்தி நூலை அரிக்கும், சரியாக அலசாவிட்டால் அயன் பண்ணும்போது ஓட்டை விழும். மெஷினுக்குள் ஊற்றினால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலையே குழியாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஹாட்வெயார்களில் கிடைக்கிற ஒக்சாலிக் அசிட் கறளுக்கு நல்ல மருந்துதான், ஆனால் அது நஞ்சு. பாவிக்கிறவர்கள் கையுறை போட்டு, தூளை மூக்குக்கு எட்டாமல் வைத்து, சின்னப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பிளாஸ்ரிக் பாத்திரத்தில் செய்ய வேண்டும். சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதை வாங்கி வைப்பதே எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: கூறைச் சீலையில் சின்னக் கறள் புள்ளி. அலுமாரிக்குள் இரும்பு ஹங்கரில் தொங்கியது.
— சுன்னாகம்

பதில்: வீட்டில் ஒன்றும் செய்யாதீர்கள். தேசிக்காயும் வேண்டாம், சரிகையும் பட்டின் சாயமும் மாறிவிடும். லோண்ட்றியில் கொடுங்கள். ஹங்கரில் தொங்க விடாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மடித்து வையுங்கள்.

கேள்வி: எங்களுக்குக் குழாய்நீர் இணைப்புக் கிடைத்துவிட்டது. இனிக் கறள் பிரச்சினை வராதா?
— கொக்குவில்

பதில்: குறையும். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் எடுக்கக்கூடியது. நன்னீருக்காக ஏங்கிய எங்கள் குடாநாட்டுக்கு அது பெரிய காரியம். ஆனால் உங்கள் வளவுக்குள் இருக்கிற குழாய் பழைய இரும்புக் குழாய் என்றால், எவ்வளவு நல்ல தண்ணீர் வந்தாலும் உள்ளே இருக்கிற கறளைக் கொண்டுதான் வரும். தண்ணீர் நிறுத்திவிட்டுத் திரும்ப விடுகிற நாளில் குழாய்க்குள் படிந்தது எல்லாம் கிளம்பும். அன்றைக்கு மெஷினைத் தொடாமல், வெளிக் குழாயைத் திறந்து, வெள்ளை வாளியில் பிடித்து, தெளியும்வரை விட்டுப் பூமரங்களுக்கு ஊற்றுங்கள். மெஷின் வாயில் உள்ள அந்தச் சின்ன வலையை அந்தக் கிழமையிலேயே ஒருக்கால் கழற்றிக் கழுவுங்கள்.